பிரதியும் காவலும்

ஆரணிப் பட்டின் பெயரோடு சேர்த்து எண்ணப்படும் தேசூரில் ஒரு நெசவாளர் வீட்டு முற்றத்தில் இரு தறிகள் இருப்பனவாக நினைத்துக்கொள்வோம். ஒன்றின் மேல் துளையிட்ட அட்டைகள் தொங்கும் பழைய ஜக்கார்டுப் பெட்டி உள்ளது; மற்றொன்றின் மேல் மின்னணு ஜக்கார்டுப் பெட்டி உள்ளது. இரண்டிலும் நெய்யப்படுவது ஒரே புட்டாதான். முதற்றறியில் அந்தப் புட்டா, ஓர் ஊடைக்கு ஓர் அட்டை என்ற கணக்கில், துளையாகவும் துளையின்மையாகவும் கிடக்கிறது. துளை உள்ள இடத்தில் பாவிழை மேலெழும். இல்லாத இடத்தில் கீழே நிற்கும். இரண்டாவது தறியில் அதே புட்டா கணிப்பொறிக் கோப்பாகக் கிடக்கிறது. பொருள் ஒன்று, அதனைத் தாங்கும் கலம் இரண்டு. முதற்கலத்தில் ஒரு துளையைத் திருத்திய நெசவாளர் இரண்டாவதில் திருத்த மறந்தாராயின், இரு சேலைகளும் ஒன்றென்று விற்கப்படும், ஆனால் ஒன்றல்ல.

யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் சேலையைப் பற்றியதன்று. எனினும் அதன் சிக்கல் முழுவதும் மேற்கூறிய உதாரணத்தில் அடங்கியிருக்கிறது. காவல் மேலாண்மை புரியும் கணிப்பொறிச் சேவையகங்களை, வெவ்வேறு வகைத் தரவுத்தளங்களின்மீது, ஒன்றற்கொன்று படியாக வைத்திருப்பது எங்ஙனம், அதில் நேரும் இடர்கள் யாவை என்பதை ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கமாகும். தமிழிலக்கியம் பயிலும் மாணவருக்கு இஃது அயற்பொருள் என்று சிலர் கருதக்கூடும். ஏட்டுப்பிரதிகளின் வரலாற்றைக் கற்றோர்க்கு இதனினும் நெருங்கிய பொருள் பிறிதில்லை என்பது போகப்போக விளங்கும்.

1. காவற் சேவையகம் யாது?

ஒரு பெரிய நிறுவனத்திலோ அரசாங்கத் துறையிலோ ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் இருக்கும். அவற்றுள் யார் நுழையலாம், நுழைந்தவர் எதனைக் காணலாம், எதனை மாற்றலாம், எந்த நிரல் ஓடலாம், எது தடுக்கப்படும் என்பவற்றை ஒவ்வொரு பொறியிலும் தனித்தனியே எழுதிவைத்தல் இயலாது. ஆதலின் ஒரு தலைமைச் சேவையகம் இவற்றையெல்லாம் ஓரிடத்தில் வைத்துக் காக்கும். அதனிடம் ஐந்து பொருள்கள் உள: பயனர் பட்டியல், அவரவர் உரிமை, விதிகள், திறவுகோல்களும் கடவுச்சொல்லின் சுருக்கங்களும், நிகழ்ச்சிக் குறிப்பு. இவ்வைந்தும் தங்கும் இடம் தரவுத்தளம். சேவையகம் காவலன் எனின், தரவுத்தளம் அவன் கையிலுள்ள ஏடு.

காவலன் ஒருவனே ஆயின் அவன் நோயுற்ற நாளில் வாயில் யாது ஆகும்? ஒன்று திறந்தே கிடக்கும், அன்றேல் மூடியே கிடக்கும். இரண்டும் தீங்கே. ஆதலின் இரண்டாம் காவலன் வேண்டும்; அவன் கையிலும் அதே ஏட்டின் படி வேண்டும்.

2. ஒற்றைப் பிரதியின் துயரம்

ஒரே பிரதியை நம்புதலின் கேடு தமிழர்க்குப் புதிதன்று. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தொடங்கி எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் அச்சுநூல்களிற் பல பிற இடங்களிற் கிடைத்தன. வேறு படி இல்லாத ஏட்டுச்சுவடிகளோ மீண்டும் வாரா. படி இருந்தது மீண்டது. படி இல்லாதது மறைந்தது. இதனினும் தெளிவாக வேறெந்தப் பாடநூலும் படியெடுப்பின் தேவையை உணர்த்தாது.

வேதாகமத்திலும் இதற்கு ஒரு சான்று உண்டு. எரேமியா தீர்க்கதரிசி சொல்லச்சொல்லப் பாரூக்கு எழுதிய சுருளை, யோயாக்கீம் அரசன் கத்தியால் அறுத்துக் கணப்பிலிட்டு எரித்தான் என்பது எரேமியாவின் 36ஆம் அதிகாரச் செய்தி. பின்னர் அதே சொற்கள் மற்றொரு சுருளில் எழுதப்பெற்றன; வேறு சொற்களும் சேர்க்கப்பெற்றன. முதற்பிரதி தோற்சுருளிலும், மறுபிரதி தீர்க்கதரிசியின் நினைவிலும் இருந்தமையால் அல்லவோ அது கூடிற்று? இரு கலங்களும் ஒரே வகையாக இருந்து, ஒரே அறையில் இருந்திருப்பின், ஒரே நெருப்பு இரண்டையும் தின்றிருக்கும். வெவ்வேறு வகைத் தரவுத்தளங்களில் படி வைப்பதன் முதல் நன்மை இதுவேயாம்: ஒரு வகைக்கு நேரும் பிழை மற்றொரு வகையைத் தீண்டாது.

3. உடன்படியும் பின்படியும்

படியெடுப்பு இருவகைப்படும். முதலிடத்தில் ஒரு மாற்றம் நிகழும்போதே இரண்டாமிடமும் எழுதி முடித்து விடை கூறும் வரையில் காத்திருப்பது ஒருவகை. இதனை உடன்படி என்போம். முதலிடம் எழுதி முடித்துத் தன் வேலையைத் தொடர, மாற்றம் பின்னர்ச் சென்று சேர்வது மற்றொருவகை. இதனைப் பின்படி என்போம். உடன்படியில் இழப்பு இல்லை, ஆனால் தாமதம் உண்டு. பின்படியில் தாமதம் இல்லை, ஆனால் விபத்து நேர்ந்தால் கடைசிச் சில மாற்றங்கள் அழியக்கூடும்.

உடன்படி எப்போதும் மேலானது என்று எண்ணலாகாது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் இந்தியாவின் தேசியப் பங்குச்சந்தையில் காலை 11.40 மணிக்கு வணிகம் நின்றது, பிற்பகல் 3.45 மணிக்கே மீண்டும் தொடங்கிற்று. அச்சந்தையின் முதன்மை நிலையம் மும்பையில் உள்ளது; அதே நகரில் அருகே ஒரு படிநிலையமும், தொலைவில் நமது சென்னையில் ஒரு பேரிடர் மீட்பு நிலையமும் இருந்தன. முதன்மை நிலையத்துக்கும் அருகிலிருந்த படிநிலையத்துக்கும் இடைப்பட்ட தொலைத்தொடர்பு இணைப்புகள் பழுதுற்றன. படிநிலையம் மட்டும் அறுபட்டு, முதன்மை நிலையம் தன் போக்கில் ஓடியிருக்க வேண்டும். அவ்வாறின்றி, முதன்மைச் சேமிப்பகமே சேவையகங்களுக்கு எட்டாது போயிற்று. வணிகத்தைக் காக்கும் இடர் மேலாண்மை அமைப்பும் அதனால் செயலிழந்தது. வணிகம் சென்னைக்கு மாற்றப்படவும் இல்லை. துணைக்கென வைத்த படி, மூலத்தையே இழுத்துக்கொண்டு வீழ்ந்தது என்பதே இதன் பாடம். ஊன்றுகோலை இடுப்பிற் கட்டிக்கொண்டவன், கோல் முறிந்தால் தானும் விழுவான் அன்றோ?

இணைப்பு அறுபடும்போது இரு நிலையங்களும் ஒத்திருத்தலும், இரண்டும் ஓயாது விடை கூறுதலும் ஒருங்கே கூடா என்பதை எரிக் புரூவர் 2000ஆம் ஆண்டில் கருத்தாகக் கூறினார். செத் கில்பர்ட், நான்சி லிஞ்ச் என்னும் இருவர் 2002ஆம் ஆண்டில் அதனை நிறுவினர். ஆதலின் எதனை விட்டு எதனைக் கொள்வது என்னும் முடிவு பொறியினுடையதன்று, மனிதருடையது.

4. கலம் மாறினால் பொருள் மாறுமோ?

நிற்க. இனி நம் பொருளின் நடுவிடத்துக்கு வருவாம். ஒரே வகைத் தரவுத்தளம் இரண்டு இருப்பின், ஒன்றின் உள்ளேட்டுப் பக்கங்களை அவ்வாறே மற்றொன்றில் பதித்துவிடலாம். வகை வேறாயின் அது செல்லாது; ஓலையைக் கடிதத்தின் மேல் ஒட்டிப் புத்தகம் ஆக்க இயலாது. சொல்லைப் படித்து, பொருள் அறிந்து, மீண்டும் எழுத வேண்டும்.

ஏட்டுச்சுவடியை அச்சுக்குக் கொணர்ந்த நம் முன்னோர் இத்துன்பத்தை நன்கு அறிவர். ஓலையில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. ரகரத்துக்கும் காலுக்கும் வேற்றுமை இல்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒரே வடிவின. வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனிவடிவு வகுத்தது இக்குறையை நீக்கவே. 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் கண்டு தெளிந்தது, கலம் மாறும்போது பொருள் வழுவாதிருக்கும் பொருட்டேயாம்.

தரவுத்தளங்களுக்கும் இத்தகைய எழுத்திலக்கண வேற்றுமைகள் உள. சிலவற்றைக் காண்பாம்.

வெற்றிடம்: ஆரக்கிள் தரவுத்தளம் எழுத்தே இல்லாத சொல்லையும் மதிப்பே இல்லாத இடத்தையும் ஒன்றாகக் கொள்ளும், போஸ்ட்கிரெஸ் அவ்விரண்டையும் வேறு வேறாகக் கொள்ளும். ‘விலக்கு எதுவும் இல்லை’ என்று ஆராய்ந்து எழுதியதும், ‘விலக்கைப் பற்றி இன்னும் ஒன்றும் எழுதவில்லை’ என்பதும் காவலனுக்கு ஒன்றாகுமா?

பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்: மைஎஸ்கியூஎல் தன் வழக்கமான அமைப்பில் ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகளை ஒப்பிடுகையில் வேறுபடுத்தாது, போஸ்ட்கிரெஸ் வேறுபடுத்தும். ஒருபுறம் ஒருவராகத் தோன்றுபவர் மறுபுறம் இருவராவர்.

நீளம்: இது தமிழர்க்கு மிகவும் உரியது. ‘தேசூர்’ என்பது நம் இலக்கணப்படி மூன்றெழுத்து. தே, சூ, ர். யூனிகோடு முறையில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாதலால் அது ஆறு குறியீடுகள். யூடிஎஃப்-8 என்னும் சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டு கொள்ளும். ஆக 18 பைட்டு. மைஎஸ்கியூஎல் 10 இடம் என்றால் 10 குறியீடுகளைக் கொள்ளும். அதில் ‘தேசூர்’ எளிதில் அடங்கும். ஆரக்கிள் தன் வழக்கமான அமைப்பில் 10 இடம் என்றால் 10 பைட்டு மட்டுமே கொள்ளும். அதில் மூன்று குறியீடுகளுக்கு மேல் நில்லா. நீளம் மிகுந்தால் சில தளங்கள் ‘ஏற்கேன்’ என்று வெளிப்படையாக மறுக்கும். சில அமைப்புகள் வாய்திறவாமல் வாலை வெட்டிவிடும். மறுப்பவன் நண்பன், மௌனமாக வெட்டுபவனே பகைவன். புள்ளி அறுந்த ‘தேசூர’ என்ற பெயரை எப்பட்டியலில் தேடினும் காணக் கிடையாது.

ஒரே தோற்றம், இரு குறியீடு: ‘கொ’ என்னும் எழுத்தைக் ககரத்தோடு ஒகரக்குறி ஒன்று சேர்த்தும் எழுதலாம், ககரத்தோடு எகரக்குறியும் காலும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் தளத்துக்கு இரண்டும் வேறு. ஒரு படிநிலையம் இவற்றை ஒருமைப்படுத்தி வைத்து, மற்றொன்று வைக்காவிடின், தடைப்பட்டியலில் பெயருள்ள ஒருவர் மறுவடிவில் உள்ளே புகக்கூடும். தமிழக அரசு 2010ஆம் ஆண்டில் யூனிகோட்டையும் டேஸ்-16 என்னும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் ஏற்றது. அதற்கு முன் பல குறியேற்றங்களில் எழுதப்பட்ட பழங்கோப்புகள் இன்னும் உள. அவற்றைப் படியெடுக்குமுன் ஒரே வடிவுக்குக் கொணர்தல் இன்றியமையாதது.

கடவுச்சொல்: எல்லாவற்றினும் கடினமானது இது. நல்ல சேவையகம் கடவுச்சொல்லை வைத்திருப்பதில்லை. மீட்டறிய ஒண்ணாத சுருக்கத்தையே வைத்திருக்கும். ஒரு சேவையகம் எம்டி4 முறையிலும் மற்றொன்று பிகிரிப்ட் முறையிலும் சுருக்கினால், ஒன்றிலிருந்து மற்றொன்றை ஆக்க வழியில்லை. ஆதலின் எந்த முறையில் சுருக்கியது என்ற குறிப்பையும் உடன் அனுப்பி, இருபுறமும் அதனை அறியுமாறு செய்யவேண்டும். அன்றேல் பயனரே மறுமுறை தம் கடவுச்சொல்லைத் தரவேண்டும். பொருளை மொழிபெயர்க்கலாம், இரகசியத்தை மொழிபெயர்க்க இயலாது என்க.

5. செய்யும் முறை

இவ்விடர்களைக் கடக்கக் கற்றோர் கைக்கொள்ளும் முறையை நான்கு படிகளாகச் சுருக்கலாம்.

முதலாவது, இரு தளங்களுக்கும் பொதுவானதோர் இடைவடிவை வகுத்தல். ஒவ்வொரு தளமும் தன் மொழியினின்று அவ்வடிவுக்கும், அவ்வடிவினின்று தன் மொழிக்கும் மாற்றத் தெரிந்தாற் போதும். சைமன்டெக் எண்ட்பாயிண்ட் புரொடெக்‌ஷன் மேனேஜர் என்னும் காவற் சேவையகத்தில், ஒரு நிலையம் உடன்வரும் சிறு தரவுத்தளத்தையும் மற்றொரு நிலையம் மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரையும் கொண்டிருப்பினும் ஒன்றற்கொன்று படியெடுக்கலாம்; ஆனால் சேவையக நிரலின் பதிப்பு இருபுறமும் ஒன்றாக இருத்தல் வேண்டும். தளம் வேறாகலாம், இலக்கணம் வேறாகலாகாது என்பதே இதன் கருத்து.

இரண்டாவது, ஒரு கணத்தின் முழுப்படியை முதலில் எடுத்துச் சேர்த்து, அக்கணத்துக்குப் பின் நிகழ்ந்த மாற்றங்களை நிகழ்ந்த வரிசையிலேயே அனுப்புதல். வரிசை பிறழ்ந்தால், உரிமை தந்து பின் பறித்தது, பறித்துப் பின் தந்ததாகிவிடும்.

மூன்றாவது, மாற்றம் செல்லும் வழியையும் மறைமொழியாற் காத்து, படியெடுக்கும் கணக்குக்கு அதற்கு வேண்டிய உரிமைக்கு மேல் ஒன்றும் தராதிருத்தல். படி ஒன்று கூடினால் திருடனுக்கு வாயிலும் ஒன்று கூடுகிறது.

நான்காவது, இருபுறத்தையும் அடிக்கடி எண்ணியும் சரிபார்ப்புத் தொகை கண்டும் ஒப்புநோக்குதல். மீட்டுப் பார்க்காத படி, படியன்று, நம்பிக்கை மட்டுமே.

6. முரண்பட்டால் யார் சொல் செல்லும்?

இரு நிலையங்களில் இருவர் ஒரே பதிவை ஒரே காலத்தில் வெவ்வேறாகத் திருத்தினால் யாது செய்வது? மேற்கூறிய சைமன்டெக் சேவையகம் பிந்திய திருத்தத்தைக் கொள்ளும். ஒரே பெயரில் இரு குழுக்கள் ஆக்கப்பட்டிருப்பின் இரண்டையும் வைத்து, பிந்தியதன் பெயரோடு ஓர் அலைக்குறியும் 1 என்னும் எண்ணும் சேர்க்கும். மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி முதலில் எத்தனையாவது திருத்தம் என்ற எண்ணையும், அது சமமாயின் காலத்தையும் நோக்கும். காலத்தை நம்புவதாயின் கடிகாரங்கள் ஒத்திருக்க வேண்டும்; ஐந்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரம் உடையவன் வழக்குத்தோறும் வெல்வான். இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவாகிய செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 ஆணையில், கணிப்பொறிகளின் கடிகாரங்களை ஒருமைப்படுத்துமாறும், நிகழ்ச்சிக் குறிப்புகளை 180 நாள் வைத்திருக்குமாறும், குறிப்பிட்ட தாக்குதல்களை 6 மணி நேரத்துள் அறிவிக்குமாறும் விதித்தது இக்காரணம் பற்றியும் ஆகும்.

நீக்கம் இன்னும் நுண்ணியது. ஒரு பெயரை அழித்தால், ‘இது அழிந்தது’ என்னும் குறிப்பைப் பிறநிலையங்களுக்குச் சொல்லவேண்டும். ஆக்டிவ் டைரக்டரி அக்குறிப்பைக் கல்லறைக்கல் என்றே அழைக்கும். அக்கல் முதலில் 60 நாளும், விண்டோஸ் சர்வர் 2003இன் முதலாம் திருத்தத் தொகுப்பு முதல் 180 நாளும் நிற்குமாறு அமைக்கப்பெற்றது. அதற்கும் மேலாக ஒரு சேவையகம் அணைந்து கிடந்து பின் எழுந்தால், அழிந்தோர் அதன் ஏட்டில் உயிரோடிருப்பர். வெளியேற்றப்பட்டவன் பழைய வாயிலின் வழி உள்ளே வருவான்.

இதனை நம்மூர்க் கண்கொண்டு நோக்குவோம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று உளதாகக் கற்பனை செய்வோம். தலைமையிடத்தில் பெரிய தரவுத்தளம். கிளையில் சிறிய தரவுத்தளம். ஒரு குமாஸ்தா வேலையினின்று நீக்கப்படுகிறார், தலைமையேட்டில் பெயர் அழிகிறது, கிளையேட்டில் அழியவில்லை. கூலிப் பட்டியலைத் திருத்தும் உரிமை அவர் கையில் இன்னும் இருக்கிறது. மாறாக, முதிய நெசவாளர் ஒருவர் புதிதாகப் பதிகிறார். அவர் பெயரின் புள்ளி கிளையில் வெட்டுண்டதால் நூலும் கூலியும் மறுக்கப்படுகின்றன. முதற்பிழை தீயோனை உள்ளே விட்டது. இரண்டாவது நல்லோனை வெளியே நிறுத்தியது. அறிஞர் பெரும்பாலும் முதற்பிழைக்கே அஞ்சி, ‘ஐயமுற்றால் தடுத்துவிடு’ என்பர். நீக்கத்தின் திறத்தில் அவ்விதி சரியே. ஒரு நிலையம் நீக்கினால் எல்லா நிலையமும் உடனே நீக்கக் கடவன. ஆனால் வாயிலில் தடுக்கப்பட்டவர் சென்று முறையிட ஒரு மனிதரும், அவர் பார்த்து ஒப்பிட ஒரு மூலப்பிரதியும் இல்லாதபோது, அதே விதி ஏழைக்குக் கொடுமையாகிவிடும். தடுக்கும் அதிகாரம் பொறிக்கு இருக்கலாம். கேட்கும் செவி மனிதனுக்கே உண்டு.

7. முடிவுரை

நம் திருச்சபைகள் இதனைப் பண்டே கண்டன. சென்னை மாகாணத்துக் கோயில்களின் ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவுகளின் படிகள் கடல் கடந்து இலண்டனுக்கு அனுப்பப்பெற்றன. 1698 முதலாக உள்ளவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள. உள்ளூர்ப் புத்தகத்தைக் கறையான் தின்ற இடத்திலும், பெயர் தேடுவோர்க்கு அங்கே விடை கிடைக்கிறது. எரேமியா 32ஆம் அதிகாரத்தில், ஆனதோத்து நிலத்தின் கிரயப் பத்திரம் முத்திரையிட்டதாக ஒன்றும் திறந்ததாக ஒன்றும் எழுதப்பெற்று, இரண்டும் ஒரு மண்பாண்டத்தில் வைக்கப்பெற்றன. திறந்த பிரதி நாடோறும் பார்க்க; முத்திரையிட்ட பிரதி முரண்பாடு எழுந்தநாளில் தீர்க்க. இவ்வேற்பாட்டினும் சிறந்ததொன்றை இக்காலச் சேவையகங்களும் கண்டில.

ஆகவே பிரதிகளைப் பெருக்குதல் மட்டும் காவலாகாது. அவை ஒத்திருத்தலே காவல். வெவ்வேறு கலத்தில் வைப்பது அழிவினின்று காக்கும். வெவ்வேறு கலத்தில் வைத்ததைப் பொருள் வழுவாது ஒப்புநோக்குவது அநீதியினின்று காக்கும். ஒப்புநோக்குதல் தமிழ் மாணவராகிய நமக்குக் குலவித்தை. இனி வருங்காலத்தில் நம்மிற் சிலர் ஏட்டை விட்டுக் கணிப்பொறியின் முன் அமர நேரின், அங்கும் ஒவ்வொரு பதிவும் ஒரு மனிதனின் பெயர் என்பதை நினைந்து, ஒரு புள்ளியும் விழாமற் காப்போமாக.